காதுக்குப் பழகிய மெட்டு: அமெரிக்க டிரம் கோர் அணிவகுப்பும் அதன் ரசிகர்களும், 1921–2019

1993 ஆகஸ்டில், மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பின் இறுதிப்போட்டி நடந்தது. கேடட்ஸ் ஆஃப் பெர்கன் கவுன்டி 97.4 மதிப்பெண்ணுடன் முதலிடம் பெற்றது. ஸ்டார் ஆஃப் இந்தியானா 97.3 பெற்று இரண்டாவதாக வந்தது. பத்தில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஆனால் அந்தக் கோடையில் ஸ்டார் ஆடி முடித்தபோது பல இடங்களில் கைதட்டலோடு எதிர்ப்புக் கூச்சலும் எழுந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது சாமுவேல் பார்பரின் ‘மெடியா’வும், பேலா பார்டோக் 1936-இல் தந்தி, தாள வாத்தியங்களுக்கும் செலஸ்டாவுக்கும் எழுதிய படைப்பும். ‘யாருக்கும் தெரியாத இசையை வாசித்தால் ஜனங்கள் எப்படி ரசிப்பார்கள்?’ என்பதே குற்றச்சாட்டின் சாரம். முப்பது ஆண்டுகள் ஆகியும் அந்தக் கேள்வி அடங்கவில்லை.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் ‘தெரிந்த இசை’ என்பதை அது வெளியிலிருந்து மைதானத்துக்குக் கொண்டுவரும் சரக்காக எண்ணிக்கொள்கிறது. டிரம் கோரின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. பரிச்சயத்தின் பெரும்பகுதி மைதானத்திலேயே, ஒரே கூட்டத்தின் முன்னால், திரும்பத் திரும்ப வாசித்து உண்டாக்கப்பட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

டிரம் கோர் என்பது முக்கியமாகப் பித்தளைக் காற்றுக்கருவிகளும் முரசுகளும் கொடி ஏந்துவோரும் கொண்ட குழு. கிளாரினெட், புல்லாங்குழல் போன்றவற்றுக்கு அதில் இடமில்லை. இளைஞர்கள் கோடை விடுமுறையில் ஊர் ஊராகப் போய்க் கால்பந்து மைதானங்களில் போட்டியிடுவார்கள். ஒரு பருவத்துக்கு ஒரே நிகழ்ச்சி, பதினொரு பன்னிரண்டு நிமிடம். அதையே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆடுவார்கள், வாராவாரம் திருத்துவார்கள். ரசிகர்களில் கணிசமானோர் ஒரே நிகழ்ச்சியை ஒரே கோடையில் பலமுறை பார்ப்பவர்கள். அவர்களில் பலர் முன்னாள் குழுவினர். பின்னால் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் சங்கமான அமெரிக்கன் லீஜியன் 1921-இல் இக்குழுக்களுக்குத் தேசியப் போட்டி நடத்தத் தொடங்கியது. கருவி ராணுவ பியூகிள். வால்வு இல்லாத அந்தக் குழலில் உதட்டின் இறுக்கத்தை மாற்றி எழுப்பக்கூடிய சுரங்கள் கொஞ்சம்தான். நம் கணக்கில் சொன்னால் ச, க, ப, மேல் ச. அதில் எந்தப் பாட்டை வாசிப்பது? ஆனாலும் கூட்டம் உருகியது. பியூகிள் ஒலித்தே அவர்கள் கண்விழித்திருந்தார்கள், உணவுக்கு வரிசையில் நின்றிருந்தார்கள், தோழர்களைப் புதைத்திருந்தார்கள். மெட்டு வளமற்றது; நினைவு வளமானது. அன்று கேட்டவர்களுக்கு இருந்த பரிச்சயம் பாட்டோடு அல்ல, வாழ்ந்த வாழ்வோடு. டிரம் கோரின் தொடக்கமே ‘தெரிந்த பாட்டு’ என்ற விளக்கத்துக்குள் அடங்க மறுக்கிறது.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் பியூகிளில் ஒரு வால்வு ஏறியது. அதை அழுத்தினால் ஆதார சுருதி கீழ்ப் பஞ்சமத்துக்கு இறங்கும். ரியும் நியும் கைக்கு வந்துவிடும். முழு வரிசை இன்னும் வரவில்லை. இரண்டு வால்வு 1977-இல், மூன்று வால்வு 1990-இல், எந்தச் சுருதியிலும் செய்த பித்தளைக் கருவி 2000-இல் அனுமதிக்கப்பட்டன. இந்தத் தேதிகளை இசை ரசனையின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். எழுபதுகள் வரை குழுக்கள் மக்கள் அறிந்த மெட்டுகளைச் சுற்றியே நின்றதற்கு ரசிகரின் விருப்பம் ஒரு காரணம் என்றால், கருவியின் ஏழ்மை இன்னொரு காரணம். விடுபட்ட சுரங்களைக் கேட்பவரின் நினைவு நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

1971-இல், படைவீரர் சங்கங்களின் விதிகளுக்குக் கட்டுப்பட மனமில்லாத குழுத் தலைவர்கள் சேர்ந்து டிரம் கோர் இன்டர்நேஷனலை அமைத்தார்கள். முதல் சாம்பியன் போட்டி 1972-இல் விஸ்கான்சின் மாநிலம் வைட்வாட்டரில் நடந்தது. வென்றது அனஹைம் கிங்ஸ்மென். என்ன வாசிப்பது என்பது இனி குழுவின் முடிவு. அடுத்த பத்தாண்டுகளில் நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒவ்வொரு குழுவும் தனக்கென்று ஓர் இசைப் பிரதேசத்தைப் பிடித்துக்கொண்டது. சான்டா கிளாரா வேன்கார்டு ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ நாடகத்தின் பாடல்களைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. 1992-இல் முழு நிகழ்ச்சியையும் அதிலிருந்தே கட்டியது. கலிஃபோர்னியாவின் கான்கார்டு நகரத்து புளூ டெவில்ஸ் 1976-இல் தன் முதல் பட்டத்தை வென்றபோது வாசித்தவற்றுள் ஒன்று, ஜாஸ் முரசுக் கலைஞர் படி ரிச்சின் குழு வாசித்த ‘சேனல் ஒன் சூட்’. இலினாய் மாநிலம் ராக்ஃபோர்டின் ஃபான்டம் ரெஜிமென்ட், கச்சதூரியனின் ‘ஸ்பார்ட்டகஸ்’ பாலே இசையை எண்பதுகளின் தொடக்கத்தில் மைதானத்துக்குக் கொண்டுவந்தது.

‘சேனல் ஒன் சூட்’ அமெரிக்க வீடுகளில் பாடித் திரிந்த பாட்டா? 1956-இல் லெனின்கிராடில் அரங்கேறிய ஒரு பாலேயை ராக்ஃபோர்டில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? ரான் நெல்சன் அறுபதுகளில் மினசோட்டா பல்கலைக்கழக பேண்டுக்காக எழுதிய ‘ராக்கி பாயின்ட் ஹாலிடே’யை கார்ஃபீல்டு கேடட்ஸ் (1993-இல் வென்ற அதே குழு, அப்போதைய பெயரில்) 1983-இல் வாசித்துப் பட்டம் வென்றது. பேண்டு உலகத்துக்கு வெளியே அதை அறிந்தவர் குறைவு. இன்று ரசிகர்கள் ‘நமக்குத் தெரிந்த பழைய இசை’ என்று ஏங்குவது இவற்றை நினைத்துத்தான். அவை தெரிந்திருந்ததால் வாசிக்கப்படவில்லை. வாசித்து வாசித்தே தெரிந்தவை ஆயின. பழைய ரசிகரின் ஏக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது உண்மையான அன்பு. அந்த அன்பு எப்படிப் பிறந்தது என்பதைத்தான் அவர் மறந்துவிடுகிறார்.

தெரியாத இசையைக் கூட்டத்துக்குப் பழக்குவதற்கு முன்னோடி உண்டு. ஜான் பிலிப் சூசா 1892-இல் தன் சொந்த பேண்டைத் தொடங்கியபோது, நிகழ்ச்சியில் ஒவ்வொரு கனமான உருப்படி முடிந்ததும் சில நொடிகளுக்குள் ஒரு மார்ச்சையோ மக்கள் விரும்பும் சிறு பாடலையோ வாசித்துவிடுவார். அச்சிட்ட நிரலில் வாக்னர் இருப்பார். கூட்டம் கேட்க வந்தது இடையிடையே கிடைக்கும். சின்ன ஊர் மக்கள் வாக்னரைக் கேட்கப் பழகியது அப்படித்தான். சூசாவின் பேண்டு பெரும்பாலும் உட்கார்ந்தே வாசித்தது, நடந்தது அரிது என்றாலும், அவர் கற்றுத்தந்த உத்தியை டிரம் கோர் அமைப்பாளர்கள் நெடுங்காலம் கைவிடவில்லை.

இனி 1993-க்குத் திரும்பலாம். ஆறு ஆண்டுகளுக்கு முன், 1987-இல், கார்ஃபீல்டு கேடட்ஸ் ஏரன் காப்லண்டின் ‘அப்பலேச்சியன் ஸ்பிரிங்’ இசையை வாசித்துப் பட்டம் வென்றது. கூட்டம் அதைக் கொண்டாடியது. காப்லண்ட் அதை எழுதியது 1944-இல், நடனமேதை மார்த்தா கிரகாமுக்காக. பார்பரின் ‘மெடியா’வும் 1946-இல் அதே கிரகாமுக்காக எழுதப்பட்ட பாலே இசைதான். ஒரே காலம், ஒரே நாடு, ஒரே நடனக்காரர். ஒன்றைக் கூட்டம் அணைத்துக்கொண்டது, மற்றதைத் தள்ளியது.

வித்தியாசம் எங்கே? காப்லண்டின் படைப்பில் ஷேக்கர் சமயத்தாரின் ‘சிம்பிள் கிஃப்ட்ஸ்’ மெட்டு வருகிறது. பள்ளிக்கூடத்திலேயே அமெரிக்கக் குழந்தைகளின் காதில் விழுந்துவிடும் மெட்டு அது. ஆக, பரிச்சயவாதிகள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. 1993-இல் கேடட்ஸ் பட்டம் வென்றது டேவிட் ஹோல்சிங்கரின் பேண்டு இசையை வாசித்து. அதுவும் பொதுமக்கள் அறிந்த இசை அல்ல. அதற்கு யாரும் கூச்சல் போடவில்லை. பதிவுகளை அடுத்தடுத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும். ஹோல்சிங்கரின் இசையில் ஏற்றம் வரப்போவது முன்கூட்டியே தெரிகிறது. அணி கூடி முன்னோக்கி வருகிறது, ஒலி வெடிக்கிறது, கை தானாகத் தட்டுகிறது. ஸ்டார் அந்த ஒப்பந்தத்தை மறுத்தது. நீண்ட மௌனங்கள், மெல்லிய ஒலிகள், நடனத்திலிருந்து எடுத்த உடலசைவு, குழந்தைகளைக் கொல்லும் தாயின் கதை. கைதட்டுவதற்கு எங்கே நிறுத்தம் வரும் என்பது கூட்டத்துக்குத் தெரியவில்லை. அவர்களுக்குப் பழக்கமில்லாதது மெட்டு மட்டுமல்ல. எப்போது என்ன செய்ய வேண்டும் என்ற ரசிகரின் வேலையே பழக்கமில்லாததாகிவிட்டது.

இசை ஆய்வாளர் லெனார்டு மேயர் 1956-இல் வெளியிட்ட நூலில், இசையின் உணர்ச்சி எதிர்பார்ப்பும் அதன் தாமதமும் சேர்ந்து பிறப்பிப்பது என்றார். எதிர்பார்க்கத் தெரியாதவருக்குத் தாமதம் வெறும் காத்திருப்பு. எலிசபெத் மார்குலிஸின் ஆய்வு இன்னும் நேரடியானது. லூசியானோ பெரியோ, எலியட் கார்ட்டர் போன்ற கடினமான நவீன இசையமைப்பாளர்களின் படைப்புகளில் சில துண்டுகளை வெட்டி, அதற்குள்ளேயே திரும்ப வருமாறு ஒட்டினார். கேட்டவர்கள் மூலத்தைவிட ஒட்டுப்போட்டதை அதிகம் விரும்பினார்கள். அந்த இசையை அவர்கள் முன்பு அறிந்தவர்கள் அல்லர். கேட்டுக்கொண்டிருக்கும்போதே பிறந்த பரிச்சயமே போதுமானதாக இருந்தது.

2000-க்குப் பின் வந்த வெற்றிகளை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 2002-இல் கேவலியர்ஸ் குழு ‘ஃப்ரேம்வொர்க்ஸ்’ நிகழ்ச்சியை முழுக்கத் தனக்காகவே எழுதிய இசையில் அமைத்தது. ரிச்சர்டு சாசெடோவும் தோழர்களும் எழுதிய அந்த இசையை அதற்குமுன் உலகில் எவரும் கேட்டதில்லை. பெற்ற மதிப்பெண் 99.15, அன்றுவரை எவரும் எட்டாத உயரம். அங்கே கண் காதுக்கு உதவியது. சட்டகம் என்ற ஒரே வடிவம் உருமாறி உருமாறித் திரும்ப வர, புது இசைக்கும் பிடிமானம் கிடைத்தது. 2013-இல் கரோலினா கிரவுன் தன் முதல் பட்டத்தை வென்றது ஃபிலிப் கிளாஸின் ‘ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்’ இசையை எடுத்துக்கொண்டு. 1976-இல் அரங்கேறிய அந்த ஆப்பெரா அமெரிக்கப் பொதுமக்களின் பாட்டு அல்ல. ஆனால் கிளாஸின் இசை முழுவதுமே மறுநிகழ்வு. மார்குலிஸ் கத்தரித்து ஒட்டியதை அவர் எழுதும்போதே செய்துவிட்டார்.

என் வாதம் எல்லா அணிவகுப்புக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃப்ளோரிடா ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் ‘மார்ச்சிங் 100’ பேண்டை வில்லியம் பி. ஃபோஸ்டர் 1946-இலிருந்து வளர்த்தார். கறுப்பின மக்களின் அந்தக் கல்லூரியில், வானொலியில் அந்த வாரம் ஒலித்த பாட்டையும் தெருவில் ஆடிய ஆட்டத்தையும் கால்பந்து இடைவேளைக்குக் கொண்டுவந்தவர் அவர். அங்கே கூட்டம் பேண்டுக்காக மட்டும் வந்ததல்ல. நிகழ்ச்சியை ஒரே ஒருமுறை கேட்கப்போகிறது. பாட்டோடு சேர்ந்து தானும் பாட விரும்புகிறது. தெரிந்த பாட்டு அங்கே வசதி அல்ல, உறவு. 1989-இல் பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு அணிவகுப்பில் அமெரிக்காவின் சார்பில் பாரிஸ் தெருவில் அவர்கள் ஜேம்ஸ் பிரவுனின் இசையை வாசித்து ஆடினார்கள். முன்னர் ஒருபோதும் பாராத கூட்டத்தை நொடியில் பிடிக்க அதைவிட நல்ல வழி இருந்திருக்காது. ஆகவே, ஒரே முறை கேட்கும் கூட்டமா, கோடை முழுதும் கேட்கும் கூட்டமா என்று பிரிக்காமல் ‘ரசிகர்’ என்று பொதுவாகப் பேசுவதுதான் இந்த விவாதத்தைக் கெடுக்கும் பிழை என்று கருதுகிறேன்.

கோடை முழுதும் கேட்கும் கூட்டத்துக்கு நல்ல சான்று 2008. ஃபான்டம் ரெஜிமென்ட் ‘ஸ்பார்ட்டகஸ்’ கதையை மீண்டும் எடுத்தது. குழுவினர் ‘நான்தான் ஸ்பார்ட்டகஸ்’ என்று கத்தும் இடம் வந்ததும் பார்வையாளர்களும் சேர்ந்து கத்தினார்கள். இறுதிப்போட்டியில் ஃபான்டம் 98.125, இரண்டாவதாக வந்த புளூ டெவில்ஸ் 98.1. எண்பதுகளில் அக்குழுவே ஊன்றிய விதை இருபத்தைந்து ஆண்டு கழித்து அதற்கே விளைந்தது. மறுபுறம், 2019-இல் ஒஹாயோவின் புளூகோட்ஸ் உலகில் அனைவரும் அறிந்த பீட்டில்ஸ் பாடல்களை வாசித்தது. அரங்கம் எழுந்து நின்றது. பட்டம் புளூ டெவில்ஸுக்குப் போனது. இன்றைய மதிப்பீட்டு முறையில் நூற்றுக்கு நாற்பது, நிகழ்ச்சியின் பொது விளைவுக்கு. தெரிந்த மெட்டு தானாக அந்த நாற்பதைப் பெற்றுத்தருவதில்லை.

ஸ்டார் ஆஃப் இந்தியானா 1993-க்குப் பிறகு போட்டிக்கு வரவில்லை. முதலில் கனடியன் பிராஸ் குழுவுடன் சேர்ந்து மேடைக்குப் போனது, பிறகு ‘பிளாஸ்ட்!’ என்ற மேடை நிகழ்ச்சியாக 1999-இல் லண்டனிலும் 2001-இல் நியூயார்க் பிராட்வேயிலும் அரங்கேறி டோனி விருது பெற்றது. அதன் நிரல் இன்றும் படிக்கத்தக்கது. தொடக்கம் ராவெலின் ‘பொலேரோ’. தனி முரசு ஒன்று மெல்ல எழுப்பும் தாளம், உலகமே அறிந்தது. முடிவு ‘மலகேனா’, 1988-இல் மேடிசன் ஸ்கவுட்ஸ் பட்டம் வென்றபோது ரசிகர்கள் நெஞ்சில் பதிந்த அதே இசை. நடுவில், முதல் பகுதி முடிந்து திரை விழுவதற்கு முன், டிக்கெட் வாங்கி முதன்முதலாக வந்து உட்கார்ந்திருந்த மக்கள் முன்னால், அவர்கள் பார்பரின் ‘மெடியா’வை வாசித்தார்கள்.