நடுவில் நின்றவர்கள் விலகிய ஆண்டுகள்

மலாக்கா நகரில் முன்னர் ஹீரன் தெரு என வழங்கிய வீதி இன்று துன் டான் செங் லோக் சாலை எனப்படுகிறது. கல்விச் சுற்றுலாவில் மாணவரை அவ்வழியே அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், "இவர்தாம் ம.சீ.ச.வின் முதல் தலைவர்" என்று சொல்லிவிட்டு மேலே நடந்துவிடுகின்றனர். அவருடைய மகன் துன் டான் சியூ சின்னைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தோட்டப்புறத் தமிழர் வரலாற்றைக் கற்பிப்போர் மகனையும் அறிந்திருத்தல் நன்று. ஏனெனில் அவருடைய அரசியல் வாழ்வும் துன் வீ.தி. சம்பந்தனின் அரசியல் வாழ்வும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே காரணத்தால் முடிவுற்றன.

டான் சியூ சின் 1916இல் மலாக்காவில் பிறந்தவர். 1959 முதல் 1974 வரை மலாக்கா தெங்ஙா தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அக்காலத்தின் பெரும்பகுதியில் நிதியமைச்சர். சம்பந்தன் 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1955இல் ம.இ.கா.வின் தலைமையை ஏற்றவர். துங்கு அப்துல் ரஹ்மானுடன் மூடிய அறையில் அமர்ந்து பேசித் தீர்ப்பதே இவ்விருவரின் வழி. ஆங்கு ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் மற்றொன்றைப் பெற முடியும்.

இந்நாட்டில் தமிழர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. மலாக்காவிலோ, தமிழ் வாக்காளர் தோட்டந்தோறும் சிதறிக் கிடந்தனர். பிற இனத்தாரோடு பேசத் தெரிந்தவர் ஒருவர் அமைச்சரவையில் இருந்தால்தான் லயத்து மக்களின் குறை அங்குப் போய்ச் சேரும். விடுதலைக்குப் பின் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். தோட்டத்துப் பள்ளியின் நிலையும் கேள்விக்குறியாயிற்று. அதற்கு மாற்றாக 1960இல் சம்பந்தன் தொடங்கியதே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். பால்மரம் வெட்டும் தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திய பணத்தால் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. முழக்கம் எழுப்பாத அரசியல் தந்த பயன்களுள் இதனையே நான் தலையாயதாகக் கருதுகிறேன்.

ஆயினும் மூடிய அறைக்கு ஒரு குறை உண்டு. உள்ளே என்ன பெற்றனர், எதை இழந்தனர் என்பது வெளியே நிற்பவர்க்குத் தெரியாது. டான் சியூ சின் பாபா குடும்பத்தவர். மலாக்காச் செட்டிகளைப் போலவே மலாய் மொழியில் வளர்ந்த மரபு அது. சீனமொழிப் பல்கலைக்கழகக் கோரிக்கையை அவர் எதிர்த்தபோது, சீனக் கல்வி பெற்றோர் அவரைத் தம்மவராகவே எண்ணவில்லை. மறுபுறம் மலாய்க்காரருள் ஒரு சாரார், துங்கு சீனர்க்கு அளவுக்கு மீறி விட்டுக்கொடுத்தார் என்றனர். தமிழர்க்கும் மனக்குறை இருந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமையற்ற தோட்டத் தொழிலாளர் வேலை அனுமதிச் சீட்டுக்கு அலைந்தனர், பல்லாயிரவர் கப்பலேறினர். அமைச்சரவையில் சம்பந்தன் இருந்தும் அதனைத் தடுக்க இயலவில்லை.

1969 மே 10 தேர்தலில் ம.சீ.ச.வின் இடங்கள் 27இலிருந்து 13ஆகக் குறைந்தன; ம.இ.கா.வுக்குக் கிடைத்தவை இரண்டே. டான் சியூ சின்னின் சொந்த ஊரான பண்டார் மலாக்காவில் ஜ.செ.க.வின் லிம் கிட் சியாங் வென்றார். ம.சீ.ச. அமைச்சரவையில் இடம்பெறாது என்று டான் சியூ சின் அறிவித்த மே 13ஆம் நாளன்றே கோலாலம்பூரில் கலவரம் மூண்டது. நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை கூடவில்லை.

அதன்பின் ஒருவர்பின் ஒருவராக விலகினர். துங்கு 1970 செப்டம்பரில் பிரதமர் பதவியைத் துறந்தார். உட்கட்சிப் பூசல் முற்றியதால் 1973இல் சம்பந்தன் ம.இ.கா. தலைமையை மாணிக்கவாசகத்திடம் ஒப்படைத்தார். டான் சியூ சின் 1974 ஏப்ரலில் உடல்நலம் கருதிப் பதவி விலகினார். உடல்நலம் உண்மைக் காரணமே; எனினும் சொந்தக் கட்சிக்குள்ளேயே சீர்திருத்தம் கோரியோரின் எதிர்ப்பைச் சில ஆண்டுகள் தாங்கியவர் அவர். அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் இருவருமே போட்டியிடவில்லை.

இவர்களைத் தோற்கடித்தவர் எதிரணியினர் மட்டுமல்லர். எதிரணி தாக்கியது, சொந்த இனத்தாரோ "விற்றுவிட்டார்" என்றனர். நடுநிலையாளர்க்கு எக்காலத்தும் கிடைக்கும் பட்டம் அதுவே. உரக்கப் பேசியோர்க்கு வாக்கு வளர்ந்தது. ஆனால், உரக்கப் பேசுவதற்கும் எண்ணிக்கை வேண்டுமன்றோ? எண்ணிக்கையற்ற தோட்டத்து மக்கள்தாம் நடுவிலிருந்தோர் விலகியதால் மிகுதியும் இழந்தனர்.

சம்பந்தன் 1979 மே 18இல் மறையும்வரை கூட்டுறவுச் சங்கப் பணியில் இருந்தார். டான் சியூ சின் 1976இல் சைம் டார்பி நிறுவனத்தின் தலைவரானார். 1910இல் மலாக்காவில் ரப்பரை நம்பித் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அதன் தோட்டங்களில் அப்போதும் விடியற்காலையில் பிரட்டுக்கு நின்றோருள் பலர் தமிழரே.