குளம் உடைந்த பின்: மனிதர் நீங்கிய நிலம் பற்றி இராசரட்டை தரும் சான்று

மனிதர் அனைவரும் மறைந்துவிட்டால் உலகம் என்னவாகும் என்ற கேள்விக்கு விடை தேடிய நூல்களில் பரவலாகப் படிக்கப்பட்டது ஆலன் வைஸ்மன் 2007-இல் வெளியிட்ட நூல். நியூயார்க்கின் சுரங்க ரயில்பாதைகளில் பம்புகள் நின்றதும் வெள்ளம் புகும் என்பதில் தொடங்கி, கொரியாவின் இராணுவமற்ற வலயத்தில் அரிய கொக்குகள் வந்து தங்குவது வரை பல சான்றுகளை அவர் தொகுத்தார். அவருக்குப் பின் எழுதியவர்களுக்கும், செர்னோபில் அணு உலை விபத்தால் 1986-இல் காலிசெய்யப்பட்ட பிரிப்யாத் நகரமே முதன்மைச் சான்று. மனிதன் விலகினான், ஓநாயும் காட்டுப்பன்றியும் பெருகின, பூமி தன்னைத் தானே ஆற்றிக்கொள்கிறது என்ற முடிவை அங்கிருந்து எடுக்கிறார்கள்.

இந்த முடிவுக்கு அந்தச் சான்று போதாது. பிரிப்யாத்தை விட்டு மக்கள் வெளியேறி நாற்பது ஆண்டு ஆகிறது. கொரிய வலயத்துக்கு வயது எழுபதைச் சற்றே தாண்டியது. மேலும் இரண்டும் மனிதக் காவலில் இருப்பவை. செர்னோபிலின் கடைசி அணு உலை 2000 டிசம்பர் வரை ஓடியது. அங்கே இன்றும் ஆட்கள் முறைவைத்து வேலை செய்கிறார்கள். மனிதர் நீங்கிய நிலத்தின் நீண்ட வரலாறு வேண்டுமென்றால் நமக்கு மிக அருகிலேயே, இலங்கையின் உலர்வலயத்தில், ஏறத்தாழ அறுநூறு ஆண்டுச் சான்று இருக்கிறது.

அநுராதபுரம், பொலன்னறுவை ஆகிய தலைநகரங்களைக் கொண்ட இராசரட்டை, பெருங்குளங்களாலும் அவற்றை இணைத்த கால்வாய்களாலும் வாழ்ந்த நாடு. 1215-இல் மாகனின் படையெடுப்புக்குப் பின், 13-ஆம் நூற்றாண்டு முழுவதும் அது படிப்படியாக வெறுமையானது. காரணம் குறித்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ரோட்ஸ் மர்பி 1957-இல் அதை ஆராய்ந்தார், கா. இந்திரபாலா 1971-இல் பதிப்பித்த தொகுப்பு படையெடுப்பு, ஆட்சிச் சிதைவு, மலேரியா எனப் பல விளக்கங்களை எதிரெதிரே வைத்தது. இக்கட்டுரைக்குக் காரணத்தைவிட விளைவே முக்கியம். நிலம் முற்றிலும் ஆளற்றுப் போகவில்லை என்பதும் உண்மை: வன்னிமைகள் என்ற குறுநில ஆட்சிகள் இருந்தன, வேடர் இருந்தனர், சிறு குளத்தை அண்டிய ஊர்கள் தொடர்ந்தன. எட்மண்ட் லீச் 1959-இல் காட்டியதுபோல, ஊர்க்குளத்துக்கு அரசின் கை கட்டாயமில்லை. ஆனால் ஆயிரம் பேர் கூடிப் பேண வேண்டிய பெருங்குளங்கள் அநாதையாயின. ஆகவே மனிதர் மறைவதைவிட, மனிதர் செய்தவை கைவிடப்படுவதையே இந்தச் சான்று நேராகக் காட்டுகிறது. நம் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் உண்மையான கேள்வியும் அதுதான் என்பது என் கருத்து.

குளக்கட்டு என்பது மண். மழைக்கு முன் கட்டில் முளைத்த கன்றுகளைப் பிடுங்க வேண்டும். கறையான் புற்றையும் எலிவளையையும் தோண்டி, மண் அடைத்து, திமிசு போட்டு இறுக்க வேண்டும். மிகை நீர் வழியும் வானில் சேர்ந்த செத்தையை வாரி அகற்ற வேண்டும். இவ்வேலைகள் நின்ற முதல் ஓரிரு ஆண்டுகளில் ஒன்றும் தெரியாது. கட்டின் மேல் மரம் வளரும். ஒருநாள் அது பட்டுப்போகும். அதன் வேர் மக்கிய இடத்தில் கட்டுக்குள் ஒரு துளை மிஞ்சும். வடகீழ்ப் பருவமழையில் குளம் நிரம்பும்போது அத்துளை வழியே நீர் கசியும், முதலில் தெளிவாக, பிறகு கலங்கலாக. கலங்கல் வந்துவிட்டால் நீர் கட்டின் மண்ணைச் சுமந்துகொண்டு வெளியேறுகிறது என்று பொருள். அதன்பின் கட்டு உடையச் சில மணி நேரம் போதும். உலர்வலயக் குளங்கள் தனித்தனியானவை அல்ல, ஒரே ஓடையில் அடுக்கடுக்காக அமைந்தவை. மத்தும பண்டார 1985-இல் இந்த அடுக்கு முறையை விளக்கினார். மேற்குளம் உடைந்தால் அதன் வெள்ளம் கீழ்க்குளத்தின் மேல் பாய்கிறது. ஆட்கள் இருந்த காலத்திலேயே, 1986 ஏப்ரல் 20 அதிகாலையில், கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

உடைந்த குளம் முன்பிருந்த ஓடையாக மாறிவிடுவதில்லை. கட்டின் பெரும்பகுதி நிற்கிறது. உடைப்புக்கு அருகே பள்ளங்களில் நீர் தேங்குகிறது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்புக்கு ஏற்ற இடம் வெயில் படும் இத்தகைய தேங்குநீரே. 1934–35-இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகச் சுருங்கியபோது ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற கொள்ளைநோயும் இவ்வழியே வந்தது. இராசரட்டை வீழ்ந்ததற்கு மலேரியாதான் காரணமா என்பதில் ஐயம் உண்டு. வீழ்ந்த நிலத்துக்கு மக்கள் திரும்பாமல் தடுத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு என்பதைப் பலரும் ஏற்கின்றனர். மனிதர் அறவே இல்லாத உலகில் மலேரியாவின் பால்சிபாரம் ஒட்டுண்ணி நம்மோடு அழிந்துபோகும், நுளம்பும் குட்டையும் இருக்கும். எனினும் செய்தி ஒன்றே. முழுமையாக இருந்த குளத்தைவிடவும் குளமே இல்லாத நிலத்தைவிடவும் பாதி உடைந்த குளம் கொடியது. அந்த இடைநிலை தலைமுறைக் கணக்கில் நீடிக்கும்.

அதன் பிறகே காடு. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் அடர்ந்த இன்றைய உலர்வலயக் காட்டின் பெரும்பகுதி, ஒருகாலத்தில் உழுத வயலின் மேலும் குடியிருந்த ஊரின் மேலும் வளர்ந்தது. பயிரிட்ட நெல் இதில் தங்கவில்லை. முற்றிய மணியை உதிர்க்காமல் கதிரிலேயே வைத்திருக்குமாறு நாம் அதைப் பழக்கியதால், அறுக்கவும் விதைக்கவும் கை இல்லாமல் அதற்கு வாழ்வில்லை; குளத்தோரத்துக் காட்டுநெல் மட்டும் நிலைத்தது. எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் போனது. வில்பத்து, யால காடுகளில் இன்று திரியும் எருமைகளில் வளர்ப்பு எருமையின் இரத்தம் கலந்திருக்கிறது. யானையின் கதை இன்னும் வியப்பானது. மின்னேரியாக் குளம் 3-ஆம் நூற்றாண்டில் மகாசேனன் கட்டியது. ஆகஸ்ட், செப்டம்பரில் நீர் வற்ற, குளத்தின் அடியில் புல் முளைக்க, நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே கூடுகின்றன. இயற்கையின் பெருங்காட்சி என்று உலகம் வந்து பார்ப்பது, ஒரு மன்னன் வெட்டுவித்து, பிரித்தானியர் காலத்தில் திருத்தப்பட்டு, இன்றும் துருசு திறந்து மூடப்படும் குளத்தின் படுகையை. அண்மை ஆண்டுகளில் மொரகஹகந்தை நீர்த்தேக்கத் திட்டத்தின் நீர் வந்து குளம் கோடையிலும் நிறைந்து நிற்க, புல் குறைந்து யானைகள் தவிக்கின்றன.

ஆகவே மனிதர் நீங்கிய நிலம் மனிதருக்கு முந்தைய நிலைக்குத் திரும்பும் என்பதை இந்தச் சான்று ஏற்கவில்லை. நாம் விட்டுச்செல்வதை வைத்துக்கொண்டு அது முன் இல்லாத ஒன்றைக் கட்டுகிறது. இராசரட்டை விட்டுச்சென்றவை மண்ணும் கல்லும் செங்கல்லும். ஒருகாலத்தில் 122 மீட்டர் உயர்ந்திருந்த ஜேதவனத் தூபி மரம் மூடிய குன்றுபோல் நின்றது, இன்றும் 71 மீட்டர் எஞ்சியிருக்கிறது. நமது கான்கிரீட்டுக்குள் இரும்பு இருக்கிறது. அது துருப்பிடித்து ஊதிக் கான்கிரீட்டைப் பிளக்கும். அதுகூடச் சிறிய வேறுபாடுதான். உலகில் நானூறுக்கும் மேற்பட்ட அணு உலைகள் உள்ளன. அவற்றின் எரிந்த எரிபொருள் கிடக்கும் குளங்களில் நீர் சுழலவும் மட்டம் குறையாமலும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நாம் காற்றில் சேர்த்த கரியமில வாயுவின் ஒரு பங்கு பல்லாயிரம் ஆண்டு நீடிக்கும். உடைந்த குளங்களைப் பாலையும் வீரையும் மட்டும் சூழப்போவதில்லை. ஆகாயத்தாமரைக்கு எதிராக இலங்கையில் 1909-இலேயே சட்டம் தேவைப்பட்டது; உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும் இன்று காத்திருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டின் காட்டுக்கு இந்தப் போட்டியாளர்கள் இல்லை.

இது வெறும் கற்பனைக்கான திருத்தம் அன்று. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னார் மாவட்டத்தின் தெற்கே மறிச்சுக்கட்டி, கரடிக்குழி போன்ற ஊர்கள் ஏறத்தாழ இருபது ஆண்டு ஆளற்றுக் கிடந்தன. போர் முடிந்து மக்கள் திரும்பியபோது வளவும் வயலும் பற்றைக்காடாகி இருந்தன. 2012-இல் அப்பகுதி வர்த்தமானி வழியே ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. ஊர் மக்கள் தம் வீட்டு நிலத்தைக் கேட்டது காடழிப்பு என்று பேசப்பட்டது. எந்தக் காணி யாருடையது என்பதை வழக்கும் ஆவணமும் தீர்க்கட்டும். ஆனால் மரம் நிற்கும் இடமெல்லாம் மனிதன் தொடாத இடம் என்ற எண்ணம் அந்த விவாதம் முழுவதிலும் ஓடியது. மனிதரற்ற உலகைப் பற்றிய நமது விருப்பக் கதைகள் அந்த எண்ணத்துக்கே தீனி போடுகின்றன. ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல வரைபடங்கள் இன்றும் கிடைக்கின்றன. உலர்வலயத் தாள் எதையும் விரித்தால் பச்சைக் காட்டுக்கு நடுவே கைவிடப்பட்ட குளங்கள் குறிக்கப்பட்டிருக்கும். காட்டின் எல்லை வரைபவரின் மேசையில் முதலில் விரிக்கப்பட வேண்டிய தாள் அது.