ஏழு வருஷம் பொடி குடிச்சவங்க

கொலஸ்ட்ராலைக் குறைச்சா மாரடைப்பு குறையும். இன்னிக்கு இதை டீக்கடையில கூட சொல்லுவாங்க. ஆனா 1984 வரைக்கும் டாக்டர்களே இந்த விஷயத்துல ரெண்டு கட்சியா நின்னாங்க மக்களே!

அமெரிக்காவுல ஃபிரேமிங்ஹாம்ங்கற ஊர்ல 1948-லிருந்து 5,209 பேரைக் கவனிச்சுட்டு வந்தாங்க. கொலஸ்ட்ரால் ஜாஸ்தி இருக்கறவங்களுக்கு இதய நோய் அதிகமா வருதுன்னு அதுல தெரிஞ்சது. சரி, மருந்து கொடுத்துக் குறைச்சா நோய் நிக்குமா? அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. செஞ்சு பார்த்தாத்தான் தெரியும். அதுக்கு ஆள் வேணுமே!

1970-களில் அமெரிக்க அரசு செலவுல, அமெரிக்கா, கனடா ரெண்டுலயும் சேர்த்து 12 மையங்கள்ல ஆள் தேடினாங்க. 35-லிருந்து 59 வயசு ஆண்கள், கொலஸ்ட்ரால் 265-க்கு மேல, இதய நோய் அறிகுறி எதுவும் இருக்கக் கூடாது. லட்சக்கணக்கான பேரைச் சோதிச்சு, கடைசியில தேறினது 3,806 பேர்.

மருந்து பேரு கொலஸ்டிரமின். மாத்திரை இல்லீங்க, பொடி. தண்ணியில கலக்கினா மணல் மாதிரி நறநறங்கும். ஒரு நாளைக்கு 6 பாக்கெட், மொத்தம் 24 கிராம்! இது ரத்தத்துல சேராது. குடல்ல பித்த அமிலத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிடும். கல்லீரல் புதுசா பித்த அமிலம் செய்ய ரத்தத்துல இருக்கற கொலஸ்ட்ராலை எடுத்துக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். கூடவே மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் எல்லாம் இலவச இணைப்பு :-)

1,906 பேருக்கு இந்தப் பொடி. மீதி 1,900 பேருக்கு அதே மாதிரி இருக்கற டம்மி பொடி. யாருக்கு எதுன்னு குடிக்கறவருக்கும் தெரியாது, கொடுக்கற டாக்டருக்கும் தெரியாது. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு. சராசரியா 7 வருஷத்துக்கு மேல இப்படியே போச்சு.

1984 ஜனவரியில முடிவு வந்தது. மாரடைப்பு வந்தவங்க, இதய நோயால இறந்தவங்க ரெண்டும் சேர்த்து மருந்துப் பக்கம் 155 பேர், டம்மிப் பக்கம் 187 பேர். 19 சதவீதம் குறைவுன்னு அறிவிச்சாங்க. ஆனா எல்லாக் காரணங்களையும் சேர்த்து மொத்த இறப்பைப் பார்த்தா 68-க்கு 71. கிட்டத்தட்ட சமம். சந்தேகப்பட்டவங்க இதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க.

அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது 1994-ல. ஸ்காண்டிநேவிய நாடுகள்ல ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,444 பேர்கிட்ட சிம்வாஸ்டாட்டின் மாத்திரையைச் சோதிச்சாங்க. டம்மிப் பக்கம் 256 பேர் இறந்தாங்க, மருந்துப் பக்கம் 182. இதுல 827 பேர் பெண்கள். முந்தின சோதனையில ஒரு பெண் கூடக் கிடையாதுங்கறதையும் மறந்துடக் கூடாது.

எனக்கு மனசுல நிக்கறது அந்த டம்மி பொடி குடிச்ச 1,900 பேருதான். நல்லாத்தான் இருந்தாங்க. ஆனாலும் தினமும் 6 பாக்கெட் கலக்கிக் குடிச்சாங்க. மருந்தால அவங்களுக்கு நயாபைசா பிரயோஜனமில்லை. ஆனா அந்த 187 இல்லேன்னா இந்த 155-க்கு அர்த்தமே கிடையாது. மருந்து வேலை செஞ்சதுன்னு யாராலயும் சொல்லியிருக்க முடியாது.

மருந்து கண்டுபிடிச்சவங்களுக்குப் பரிசு கிடைக்குது, பேர் கிடைக்குது. இவங்க பேரு நமக்குத் தெரியாது. வீட்டுல யாராவது கொலஸ்ட்ரால் மாத்திரை போடும்போது ஒரு தடவை இவங்களை நினைச்சுக்கலாம். தப்பில்லைங்க.