லூசியா: சிரக்கூசாவிலிருந்து ரெம்பாவ் வரை

லூசியா என்பது கிறிஸ்தவப் பெண்களுக்கு இடப்படும் லத்தீன் வழிப் பெயர். ஒளியைக் குறிக்கும் 'லூக்ஸ்' அதன் வேர். பண்டைய ரோமில் லூசியஸ் என்பது ஆண்களிடையே மிகப் பரவலாக வழங்கிய பெயர். விடியலில் பிறந்தவனுக்கு உரியது என்று வர்ரோ என்ற ரோம அறிஞர் விளக்கம் சொன்னார். அதன் பெண்பாலே லூசியா.

அந்தப் பெண்பாலை உலகறியச் செய்தவர் சிசிலித் தீவின் சிரக்கூசா நகரத்துக் கன்னி ஒருவர். டயோக்ளீசியன் ஆட்சியில், 304இல் அவர் வேதசாட்சியாக இறந்தார் என்பது திருச்சபை மரபு. அந்நகரின் நிலத்தடிக் கல்லறைகளில் 1894இல் கிடைத்த பழைய கிரேக்கக் கல்வெட்டு அவருடைய திருநாளைக் குறிப்பிடுகிறது. பிற்பாடு லத்தீன் பூசையின் நற்கருணை மன்றாட்டில் ஆகத்தா, ஆக்னஸ், செசிலியா ஆகியோரோடு அவர் பெயரும் இடம்பெற்றது. பெயர் பரவியதற்குப் பொருளின் அழகைவிட இதுவே பெரிய காரணம். பூசைப் புத்தகமும் திருநாள் அட்டவணையும் போன இடமெல்லாம் லூசியாவும் போனார்.

இத்தாலியில் லுச்சீயா, ஆங்கிலத்தில் லூசி, ஹங்கேரியில் லுட்சா. புனித லூசியாவின் திருநாள் டிசம்பர் 13. பழைய ஜூலியன் நாட்காட்டியில் ஆண்டின் மிக நீண்ட இரவு அந்நாளை ஒட்டியே வந்தது. சுவீடனில் இன்றும் அந்நாளில் மெழுகுவத்திக் கிரீடம் சூடிய பெண் ஒருவர் முன்செல்ல, வெள்ளுடைப் பெண்கள் ஊர்வலம் போகிறார்கள்.

தமிழ் இப்பெயருக்குத் தன் பெண்பால் விகுதியையே கொடுத்தது. மரியாள் போல லூசியாள். கொழும்பு கொட்டாஞ்சேனைப் பேராலயம் அந்தப் புனிதையின் பெயரில்தான் நிற்கிறது. மயிலாப்பூர் லஸ் கோயிலின் 'லஸ்' கூட ஒளியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்தான், வேர் ஒன்றே. அக்கோயில் கட்டப்பட்ட ஆண்டு 1516 என்கிறது அங்குள்ள கல்வெட்டு. பாத்திமாவில் 1917இல் மாதா காட்சி கண்ட மூன்று சிறாரில் மூத்தவள் லூசியா என்பதைத் தமிழ்க் கத்தோலிக்க வீடுகள் நன்கறியும்.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் உள்ளது ரெம்பாவ். அதை ஒட்டிய மலாக்காவை 1511இல் கைப்பற்றிய போர்த்துக்கீசியரோடு இத்தகைய பெயர்களும் வந்தன. நெகிரி செம்பிலானின் ரப்பர் தோட்டங்களுக்கு அவை மறுபடி வந்தது வேறு வழியாக: தமிழகத்திலிருந்து கப்பலேறிய கத்தோலிக்கத் தொழிலாளரோடு. அக்காலத்தில் ஞானஸ்நானப் பதிவேடுகளைக் குருக்கள் லத்தீனில் எழுதுவதே வழக்கம். லூசி என்றே எல்லாரும் கூப்பிட்ட பாட்டி உங்கள் குடும்பத்தில் இருந்தால், கோயிலின் பழைய ஏட்டைக் கேட்டுப் பாருங்கள்; அதில் லூசியா என்று இருக்கக்கூடும்.