ஆமையோடும் அதன் போலிகளும்

தேன் நிறத்திலே கருங்கபில மேகங்கள் படர்ந்தாற்போன்ற வளைந்த சீப்பினை நம்மிற் பலர் நூதனசாலைக் கண்ணாடிப் பேழைகளிலே கண்டிருப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கரையோரச் சிங்கள ஆடவர் தலையில் அணிந்த சீப்பு அது. அதனைக் காண்போர் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: “இது அசல் ஆமையோடுதானா?” இவ்வினாவுக்கு இரசாயனவியல் விடை தந்துவிடும். ஆயின், இவ்வினாவைக் காலந்தோறும் யார் கேட்டனர், எதற்காகக் கேட்டனர் என்பதே வரலாற்று மாணவன் ஆராய வேண்டியதாகும்.

வணிகர் ஆமையோடு என வழங்கியது பெரும்பாலும் அழுங்காமை எனும் கடலாமையின் முதுகிலே ஒன்றன்மேலொன்று படிந்து கிடக்கும் பதின்மூன்று பெருந் தகடுகளையே. நம் நகமும் மயிரும் எப்பொருளால் ஆனவையோ, அந்தக் கெரற்றின் எனும் புரதமே இதுவும். வெந்நீரில் இளகும், வளைத்த வடிவில் ஆறி இறுகும், வெப்பமும் அழுத்தமும் சேர்ந்தால் இரு துண்டுகள் பசையின்றியே ஒன்றாகும்.

கி.பி. முதலாம் நூற்றாண்டின் ‘எரித்திரேயக் கடற் பெரிப்புளூஸ்’ எனும் கிரேக்க நூல், தப்ரபேன் எனப்பட்ட நம் இலங்கையின் விளைபொருள்களாக முத்து, மணிகள், மெல்லிய துகில் ஆகியவற்றோடு ஆமையோட்டையும் குறிப்பிடுகிறது. றோமில் அதனைத் தகடுகளாய் அறுத்துக் கட்டில்களிற் பதிக்கும் வழக்கத்தைத் தொடக்கியவன் கார்விலியசு பொல்லியோ என்பான் எனப் பிளினி எழுதினார். வேறோர் இடத்தில் அவர் இன்னொன்றும் கூறுகிறார்: நீரோ மன்னனின் காலத்தில் ஆமையோட்டுக்கு வண்ணந் தீட்டி, அதனை மரம்போலத் தோன்றச் செய்து, கூடிய விலைக்கு விற்றனராம். அசற் பொருளே போலி வேடம் பூண்டது! செல்வர் நாடியது பொருளின் இயல்பையன்று, பிறரிடம் இல்லாத அதன் அருமையையே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பிற்காலத்து ஐரோப்பாவில் மத்தியதர வகுப்பு வளர்ந்தபோது, பிரபுக்களின் சீப்பு அவர்களுக்கும் வேண்டியதாயிற்று. மாட்டுக்கொம்பு அதற்கு உதவியது. சுட்ட சுண்ணாம்பையும் ஈய ஒட்சைட்டையும் காரநீரிற் குழைத்துக் கொம்பின்மீது திட்டுத்திட்டாகப் பூசி வைத்தனர். கொம்பிலுள்ள கந்தகம் ஈயத்தோடு சேரவே கருங்கபிலப் புள்ளிகள் தோன்றின. 1870இல் அமெரிக்காவின் ஃகயற் சகோதரர், நைத்திரோசெலுலோசையும் கற்பூரத்தையும் கலந்து செய்யும் செலுலோயிட்டுக்குக் காப்புரிமை பெற்றனர். பாற்புரதத்தைப் போமலினால் இறுக்கிச் செய்யும் கலாலித்து 1899இல் வந்தது. சாதாரணத் தொழிலாளியின் மனைவியும் ஆமையோடு போன்ற சீப்பைச் சூட முடிந்தது.

அப்போதுதான் அசலையும் போலியையும் பிரித்தறியும் கலை பெரிதாகப் பேசப்பட்டது. பிரபுவின் சீப்பும் வேலைக்காரியின் சீப்பும் கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றுமாயின், அந்தஸ்தைக் காப்பது எங்ஙனம்?

அக்கலையின் வழிகள் எளியவை. காய்ச்சிய ஊசி முனையை மறைவான இடத்திற் சிறிது தொட்டால், அசல் ஓடு மயிர் கருகும் நாற்றந் தரும். செலுலோயிட்டிற் கற்பூர மணம் எழும்; அது சட்டெனத் தீப்பற்றும் ஆதலின் இச்சோதனை ஆபத்தானது. கலாலித்தில் எரிந்த பாலின் வாடை வீசும். கொம்பும் கெரற்றினே ஆகையால், அங்கே மூக்கு ஏமாறும், கண்ணே துணை. நுணுக்குக்காட்டியில் நோக்கினால், அசல் ஓட்டின் கருமேகங்கள் எண்ணற்ற நுண்ணிய வட்டப் புள்ளிகளின் கூட்டமாய்த் தெரியும். கொம்பிலோ படலமும் நாரும் தெரியும்; சாயம் மேற்பரப்பையொட்டியே நிற்கும். செயற்கைப் பொருள்களிற் புள்ளிகள் இரா. நிறம் தொடர்ச்சியான பட்டைகளாய் ஓடும்.

போலி மலிவானது என்பதால் அது மாசற்றது என்று கொள்வதும் தவறு. செலுலோயிட்டுக்கு வேண்டிய கற்பூரத்தின் பெரும்பகுதி தைவான் மலைக்காடுகளிலிருந்து வந்தது. 1895இல் அத்தீவைக் கைப்பற்றிய யப்பானியர், 1899இற் கற்பூரத்தை அரச ஏகபோகமாக்கினர். மலைவாழ் பூர்வகுடிகள் தம் நிலத்திலிருந்து நெருக்கித் தள்ளப்பட்டனர்.

ஆயினும் அசலின் விலை இன்னும் கொடியது. இங்கே குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற், 1859இல் வெளியிட்ட நூலில் அதனை விவரிக்கிறார். இறந்து அழுகிய ஆமையின் ஓடு மங்கிவிடும். ஆதலால் முட்டையிடக் கரையேறும் ஆமையைப் பிடித்து, உயிரோடு நெருப்பின்மேல் தொங்கவிட்டுத் தகடுகளைக் கழற்றிய பின், கடலில் விட்டனராம். அவரே இன்னொரு செய்தியும் தருகிறார்: ஒல்லாந்த அதிகாரியொருவர் வளையமிட்டு விட்ட அழுங்காமை, முப்பது ஆண்டுகளின் பின் 1826இல் அம்பாந்தோட்டைக் கரையிலே மீண்டும் பிடிபட்டது. பழகிய கரையை மறவாது திரும்பும் அந்த இயல்பே அதற்குக் கூற்றாயிற்று. நெருப்பு மூட்டியவன் கரையோர ஏழை. அவனை மூட்டச் செய்தது தூரத்துச் சந்தை. ஏழையின் கொடுமையை மட்டும் கண்டு சந்தையைக் காணாது விடுவது அரைக்கண் பார்வையாகும்.

செலுலோயிட்டு வந்தும் அவ்வேட்டை ஓயவில்லை. 1844 முதல் 1992 வரை ஏறத்தாழ 90 இலட்சம் அழுங்காமைகள் ஓட்டுக்காக வணிகமாயின என 2019இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. போலி ஏழையின் தேவையை நிறைவேற்றிற்று. செல்வரின் ஆசையை அது தணிக்கவில்லை. அசலின் மவுசை உயர்த்தவும் செய்தது. 1977இல் அழுங்காமையினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சருவதேச உடன்படிக்கையின் முதலாம் அட்டவணையிற் சேர்க்கப்பட்டது. பெருங் கொள்வனவாளராயிருந்த யப்பான் 1992இன் இறுதியிலேதான் இறக்குமதியை நிறுத்தியது.

இன்று அதே நுணுக்குக்காட்டியை எடுத்து நோக்குபவர் சுங்க அதிகாரி. அன்று “அசல்” என்ற விடை பொருளின் விலையை உயர்த்திற்று. இன்று அதே விடை குற்றத்தை நிறுவுகிறது. சோதனை மாறவில்லை, அதைக் கையாளும் சமுதாயத்தின் நோக்கமே மாறியிருக்கிறது. எந்த அறிவும் தன்னளவில் நடுநிலையாய் நிற்பதில்லை. அது யாருக்கு ஊழியஞ் செய்கிறது என்று கேட்கப் பழகுவோமாக.