5 விநாடித் தோல்வியா, 10 ஆண்டுச் சாதனையா? பென் ஆஸ்க்ரனுக்குப் புகழ் மண்டபத்தில் இடம் உண்டா?

எம்எம்ஏ பார்க்கும் நண்பரிடம் பென் ஆஸ்க்ரன் பேரைச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஓ, அந்த அஞ்சு செகண்ட் நாக்அவுட் ஆளா?"

2019 ஜூலை 6, லாஸ் வேகாஸ். யூஎஃப்சி 239 போட்டியில் மணி அடித்ததும் ஹோர்ஹே மஸ்விடால் ஓடி வந்து பறந்து முழங்காலால் ஒரு அடி. ஆஸ்க்ரன் அப்படியே சாய்ந்தார். யூஎஃப்சி வரலாற்றில் மிக வேகமான நாக்அவுட் அது.

ஆனால் அந்த நாள் வரை, 2009-இல் தொழில்முறைக்கு வந்ததிலிருந்து 10 ஆண்டுகளாக, அவர் ஒரு போட்டியில்கூடத் தோற்கவில்லை. இரண்டு நிறுவனங்களில் சாம்பியன் பட்டம் வைத்திருந்தவர். 2017-இல் நம் நாட்டு அகிலன் தானி உலகப் பட்டத்துக்காகச் சவால் விட்டது இவரிடம்தான்.

2025-இல் கடும் நிமோனியாவால் பாதிக்கப்பட்டு, இரட்டை நுரையீரல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு ஆஸ்க்ரன் உயிர் பிழைத்தார். அவர் பெயர் மீண்டும் செய்தியில் அடிபட்டது. உயிர் பிழைத்தவர் மீது வரும் பரிவு வேறு, விளையாட்டுத் தகுதி வேறு. அந்தத் தகுதியை மட்டும் இங்கே பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால்

• எம்எம்ஏ-வுக்கு எல்லாரும் ஏற்கும் ஒரே புகழ் மண்டபம் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் மண்டபத்தைத் தானே கட்டிக்கொள்கிறது.
• யூஎஃப்சியின் விதிப்படி ஆஸ்க்ரனுக்குத் தகுதி இருக்கிறது. ஆனால் அவருடைய நல்ல வெற்றிகள் பெரும்பாலும் வேறு நிறுவனங்களின் மேடையில் நடந்தவை.
• இதே சிக்கல் மலேசிய எம்எம்ஏ வீரர்களுக்கும் காத்திருக்கிறது.

யார் இந்த ஆஸ்க்ரன்?

அமெரிக்கர். 1984-இல் பிறந்தவர். அடிப்படையில் மல்யுத்த வீரர். மிசூரி பல்கலைக்கழகத்துக்காக 2006, 2007 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தச் சாம்பியன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் போட்டியிட்டார், பதக்கம் கிடைக்கவில்லை.

2009-இல் எம்எம்ஏ-வுக்கு வந்தார். அவர் பாணி ரொம்ப எளிமை: எதிராளியைப் பிடி, தரையில் சாய், எழ விடாதே. அடிதடி பார்க்க வந்த ரசிகர்களுக்கு இது போர் அடித்தது. ஆனால் யாராலும் அதை முறியடிக்க முடியவில்லை.

2010-இல் பெலேட்டர் நிறுவனத்தின் வெல்டர்வெயிட் சாம்பியன் ஆனார். பட்டத்தை நான்கு முறை தற்காத்தார். 2013-இல் அங்கிருந்து வெளியே வந்தபோது, தோல்வியே காணாத இவரை யூஎஃப்சி ஒப்பந்தம் செய்யவில்லை. அதனால் ஆசியாவுக்கு வந்து சிங்கப்பூரின் ஒன் சாம்பியன்ஷிப்பில் சேர்ந்தார். 2014-இல் அங்கும் சாம்பியன்.

2017 நவம்பரில் சிங்கப்பூரில் ஷின்யா அவோக்கியை 57 விநாடியில் வென்று, "போதும்" என்று ஓய்வை அறிவித்தார். பிறகு 2018-இல் யூஎஃப்சி அழைத்தது. அங்கே மூன்று போட்டிகள்: ஒரு வெற்றி, இரண்டு தோல்வி. 2019 நவம்பரில், இடுப்பு மாற்று சிகிச்சை தேவைப்பட்ட நிலையில், எம்எம்ஏ-விலிருந்து விலகினார். மொத்தக் கணக்கு 19 வெற்றி, 2 தோல்வி, முடிவு இல்லாத ஒரு போட்டி.

யூஎஃப்சி மண்டபத்தின் விதி என்ன?

யூஎஃப்சி புகழ் மண்டபம் 2003-இல் தொடங்கியது. முதலில் சேர்க்கப்பட்டவர்கள் ராய்ஸ் கிரேசியும் கென் ஷாம்ராக்கும். 2015 முதல் அது பிரிவுகளாக இயங்குகிறது.

முன்னோடிகள் பிரிவு: 2000 நவம்பர் 17-க்கு முன் தொழில்முறைக்கு வந்தவர்களுக்கு.

நவீன காலப் பிரிவு: அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ வந்தவர்களுக்கு. வயது 35-ஐ எட்டியிருக்க வேண்டும், அல்லது ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருக்க வேண்டும்.

இவை தவிர, மறக்க முடியாத போட்டிகளுக்கு ஒரு பிரிவும், களத்துக்கு வெளியே பங்களித்தவர்களுக்கு ஒரு பிரிவும் உண்டு.

ஆஸ்க்ரன் வருவது நவீன காலப் பிரிவில். வயது, ஓய்வுக் காலம் இரண்டுமே அவருக்குப் பொருந்துகின்றன. ஆனால் இது வாசலுக்கு வரும் தகுதி மட்டும்தான். உள்ளே யாரை விடுவது என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. இத்தனை வெற்றி, இத்தனை பட்டம் என்று எந்தக் கணக்கும் விதியில் இல்லை.

"கண்டிப்பாகக் கொடுக்கணும்" என்பவர்களின் வாதம்

முதல் வாதம், அவர் வென்ற ஆட்கள். டக்ளஸ் லிமாவும் ஆண்ட்ரே கொரெஷ்கோவும் ஆஸ்க்ரனிடம் தோற்றவர்கள். அவர் போன பிறகு இருவருமே பெலேட்டர் சாம்பியன் ஆனார்கள். ஒன் சாம்பியன்ஷிப்பில் அவரிடம் தோற்ற செபஸ்டியன் காடெஸ்டம், ஆஸ்க்ரன் விட்டுச் சென்ற அதே பட்டத்தை 2018-இல் கைப்பற்றினார். ஆக, அவர் சும்மா ஆட்களை அடித்துக் கணக்கு ஏற்றவில்லை.

இரண்டாவது, தோல்வி ஒரு தடையே இல்லை. ராபி லாலரைப் பாருங்கள். அவர் கணக்கில் 15-க்கும் மேற்பட்ட தோல்விகள். ஆனாலும் 2025-இல் யூஎஃப்சி மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். யூஎஃப்சி சாம்பியனாக இருந்தவர், மறக்க முடியாத சண்டைகளைத் தந்தவர், அதனால் அது நியாயமே. அதே லாலரை 2019 மார்ச்சில் ஆஸ்க்ரன் வென்றிருக்கிறார்.

மூன்றாவது, 5 விநாடியை வைத்து 10 ஆண்டை அழிக்கக் கூடாது. இது புக்கிட் பெலண்டோக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். வெளியூரில் ஊர்ப் பேரைச் சொன்னால் "நிப்பா வைரஸ் வந்த இடமா?" என்றுதான் கேட்பார்கள். 1998-99-இல் பரவிய அந்தத் தொற்றுக்குப் பெயர் வந்தது இங்குள்ள சுங்கை நிப்பா கிராமத்திலிருந்து. அதற்கு முன்னும் பின்னும் போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களின் கதை வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு சம்பவம் முழு வரலாற்றையும் மூடிவிடும். அதைத் திறந்து காட்டத்தானே புகழ் மண்டபம்?

"அவ்வளவு அவசரம் வேண்டாம்" என்பவர்களின் வாதம்

இவர்கள் கேட்பதும் நியாயமான கேள்விதான். ஆஸ்க்ரன் சாம்பியனாக இருந்த காலத்தில் உலகின் வலுவான வெல்டர்வெயிட் வீரர்கள் எங்கே இருந்தார்கள்? பெரும்பாலும் யூஎஃப்சியில். ஜோர்ஜ் செயின்ட் பியேர் போன்றவர்களோடு அவர் மோதியதே இல்லை.

லாலர் மீதான வெற்றியும் சர்ச்சைக்குரியது. தொடக்கத்தில் லாலர் அவரைத் தூக்கித் தரையில் அடித்துப் புரட்டி எடுத்தார். பிறகு ஆஸ்க்ரன் கழுத்துப் பிடி போட்டார். லாலரின் கை தளர்ந்ததைப் பார்த்து, மயங்கிவிட்டார் என்று நடுவர் போட்டியை நிறுத்தினார். உடனே லாலர் எழுந்து, "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்கிற மாதிரி எதிர்ப்புக் காட்டினார்.

அதற்குப் பிறகு மஸ்விடாலிடம் 5 விநாடியில் தோல்வி, சிங்கப்பூரில் டெமியன் மாயாவிடம் மூன்றாவது சுற்றில் தோல்வி. பெரிய மேடை கிடைத்தபோது அவர் தன்னை நிரூபிக்கவில்லை என்பது இவர்களின் வாதம். 34 வயதில், உடம்பு தேய்ந்த பிறகு கிடைத்த மேடை அது என்பது மறுதரப்பின் பதில்.

உண்மையான சிக்கல்: வரலாறு யார் கையில்?

கிரிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2016-இல் முத்தையா முரளிதரன் ஐசிசி புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். ஐசிசி என்பது விளையாட்டு முழுவதற்கும் பொறுப்பான அமைப்பு. முரளி எந்த நாட்டு மைதானத்தில் விக்கெட் எடுத்தாலும் அது ஒரே கணக்கில் ஏறும்.

தொழில்முறை எம்எம்ஏ-வில் அப்படி ஒரு பொது அமைப்பு இல்லை. யூஎஃப்சி, ஒன் சாம்பியன்ஷிப், பிஎஃப்எல் எல்லாமே தனியார் நிறுவனங்கள். மண்டபம் அவர்களுக்கு மரியாதை மட்டுமல்ல, விளம்பரமும்கூட. தங்களிடம் உள்ள பழைய காணொளிகளின் மதிப்பைக் கூட்டும் வழியும் அதுதான்.

ஜப்பானின் கசுஷி சகுராபா நல்ல உதாரணம். அவர் புகழ் பெற்றது பிரைடு நிறுவனத்தில். யூஎஃப்சியில் அவர் களம் கண்டது 1997-இல் ஜப்பானில் நடந்த ஒரே நிகழ்ச்சியில். இருந்தும் 2017-இல் யூஎஃப்சி மண்டபத்தில் இடம் பெற்றார். பிரைடை 2007-இலேயே யூஎஃப்சியின் உரிமையாளர்கள் வாங்கிவிட்டார்கள். ஆக, சகுராபாவின் வரலாறு இப்போது அவர்கள் வீட்டுச் சொத்து.

ஆஸ்க்ரனின் வரலாறு அப்படி இல்லை. பெலேட்டர் 2023-இல் பிஎஃப்எல் கைக்குப் போனது. மிச்சம் ஒன் சாம்பியன்ஷிப்பிடம் இருக்கிறது. அவருடைய சிறந்த ஆண்டுகளைக் கொண்டாடுவதில் யூஎஃப்சிக்கு என்ன லாபம்?

ஒரு வேடிக்கை பாருங்கள். 2018-இல் ஆஸ்க்ரன் யூஎஃப்சிக்கு வந்தது ஒரு பரிமாற்றத்தில். அவருக்குப் பதிலாக ஒன் சாம்பியன்ஷிப்புக்குப் போனவர், யூஎஃப்சியில் தொடர்ந்து 11 முறை பட்டத்தைத் தற்காத்த டிமெட்ரியஸ் ஜான்சன். 2024 செப்டம்பரில் ஜான்சன் ஓய்வை அறிவித்தபோது, ஒன் சாம்பியன்ஷிப் தன் புகழ் மண்டபத்தைத் திறந்து, முதல் ஆளாக அவரைச் சேர்த்தது.

இதில் அகிலன் எங்கே வருகிறார்?

2017 மே 26, சிங்கப்பூர் உள்ளரங்கம். அப்போது அகிலனுக்கு 21 வயது. 7 போட்டிகள், ஒரு தோல்வியும் இல்லை. உடல் எடையைக் குறைக்கப் பயிற்சிக்கு வந்த பையன் உலகப் பட்டத்துக்காகக் கூண்டுக்குள் நின்றார். ஆஸ்க்ரன் கையையும் கழுத்தையும் சேர்த்து இறுக்கும் பிடி போட, முதல் சுற்றின் 2 நிமிடம் 20 விநாடியில் ஆட்டம் முடிந்தது.

அதோடு கதை முடியவில்லை. 2019 ஜூனில் ஷாங்ஹாயில், ஜப்பானின் பிரபல வீரர் யோஷிஹிரோ அகியாமாவை மூன்று நடுவர்களும் ஒருமனதாகத் தந்த தீர்ப்பில் அகிலன் வென்றார். மலேசிய எம்எம்ஏ-வில் எளிதில் கிடைக்காத வெற்றி அது.

சரி, இது எந்த மண்டபத்தில் பதிவாகும்? மலேசிய ஒலிம்பிக் மன்றத்துக்குப் புகழ் மண்டபம் இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் விளையாட்டுப் பெருமை என்றாலே பேசப்படுவது ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த், சீ விளையாட்டுகள். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற எம். ஜெகதீசனையும், 400 மீட்டரில் தங்கம் வென்ற எம். ராஜமணியையும் நாம் இன்றும் நினைக்கிறோம் என்றால், அந்தப் பதக்கங்கள் நாட்டின் கணக்கில் ஏறியதும் ஒரு காரணம். தனியார் மேடையில் வென்றவருக்கு அந்தக் கணக்குப் புத்தகமே கிடையாது.

இது மாறத் தொடங்கியிருக்கிறது. 2026 ஐச்சி-நாகோயா ஆசிய விளையாட்டுப் போட்டியின் பட்டியலில் எம்எம்ஏ-வும் சேர்க்கப்பட்டது. இனி வரும் தலைமுறைக்கு நாட்டுக்காகப் பதக்கம் வெல்லும் வழி உண்டு. அதற்கு முன்பு தனியார் மேடைகளில் வழி திறந்தவர்களை எங்கே வைப்பது என்பதுதான் பாக்கி.

அப்போ, ஆஸ்க்ரனுக்குத் தகுதி இருக்கா, இல்லையா?

விளையாட்டு முழுவதற்கும் ஒரு மண்டபம் இருந்தால், ஆஸ்க்ரன் அதில் இருக்க வேண்டியவர். இரண்டு நிறுவனங்களில் பட்டம், 10 ஆண்டுத் தோல்வியில்லாப் பயணம், அவரிடம் தோற்று பிறகு சாம்பியன் ஆனவர்கள்: இவ்வளவும் போதும்.

யூஎஃப்சி மண்டபத்தில், யூஎஃப்சியில் செய்ததை மட்டும் பார்த்தால், மூன்று போட்டிகளில் ஒரே வெற்றி போதாது. அவரைக் கௌரவிக்கும் முதல் கடமை அவர் சாம்பியனாக இருந்த நிறுவனங்களுடையது. ஒன் சாம்பியன்ஷிப்பின் மண்டபம் அதற்கு மிகப் பொருத்தமான இடம்.

அடுத்த முறை ஒரு வீரரைப் "புகழ் மண்டப வீரர்" என்று யாராவது அறிமுகப்படுத்தினால், மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்த மண்டபத்தை நடத்துவது யார்? விதி என்ன? எந்தப் போட்டிகள் கணக்கில் வந்தன, எவை விடுபட்டன?

அதே கேள்விகளை நம் பக்கமும் திருப்பலாம். தோட்டத்திலிருந்து போய்க் குத்துச்சண்டையிலோ கராத்தேயிலோ எம்எம்ஏ-விலோ மாநிலத்துக்கோ நாட்டுக்கோ ஆடியவர் உங்கள் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம். அவருடைய போட்டி, ஆண்டு, எதிராளி, முடிவு எல்லாம் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? பதிவு இல்லாத வெற்றியை எந்த மண்டபமும் தேடி வராது.