கிளாஸ் டயகிராம்: கிராஃப்விஸும் எம்எஸ்ஏஜிஎல்லும்

சி ஷார்ப்பில் எழுதிய டெஸ்க்டாப் செயலி ஒன்று, பயனர் காட்டும் டிஎல்எல் கோப்பைத் திறந்து அதிலுள்ள கிளாஸ்களையும் அவற்றின் உறவுகளையும் படமாகக் காட்ட வேண்டும். பெட்டி வரைவது எளிது. கோடுகள் பின்னிக்கொள்ளாதபடி எந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். அந்த வேலையை ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் பிறந்த கிராஃப்விஸிடம் கொடுக்கலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் லெவ் நாச்மன்சன் உருவாக்கிய எம்எஸ்ஏஜிஎல்லிடம் கொடுக்கலாம். இரண்டுக்கும் வேர் ஒன்று: 1981இல் சுகியாமா, தகாவா, தோடா ஆகிய மூவரும் வெளியிட்ட அடுக்கு முறை. ஆகவே படத்தின் அழகை வைத்து இரண்டையும் எடைபோடுவதில் பயன் குறைவு. செயலிக்குள் எது எப்படிப் பொருந்துகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கிராஃப்விஸுக்கு நாம் தருவது உரை. ரெக்கார்டு வடிவத்தில் நெடுங்கோடுகளால் பிரித்து எழுதினால் பெயர், புலங்கள், மெத்தட்கள் என மூன்று அறைகள் கொண்ட பெட்டி தானாகவே வந்துவிடும். மரபுரிமைக்கான வெற்று முக்கோண அம்புமுனையும் கையிலேயே இருக்கிறது. ஆனால் லிஸ்ட்<ஆர்டர்> போன்ற ஒரு வகை வந்ததும் தடுமாற்றம் தொடங்குகிறது. ரெக்கார்டில் கோண அடைப்புக்குறிக்குள் இருப்பது இணைப்பு முனையின் பெயராகவே கொள்ளப்படும். எனவே ஒவ்வொரு குறிக்கும் முன்னால் பின்சாய்வுக் கோடு சேர்த்தாக வேண்டும். மேலும், இது வழக்கமாகத் தனி நிரலாகவே ஓடும். பயனரின் கணினியில் அது இல்லையென்றால் நாமே சேர்த்து அனுப்ப வேண்டும். திரும்பி வருவதோ எஸ்விஜி அல்லது பிஎன்ஜி கோப்பு. ஆயங்களை மட்டும் வாங்கி நாமே வரையலாம். ஆனால் கிராஃப்விஸின் தொடக்கப்புள்ளி கீழ் இடது மூலை, டபிள்யூபிஎஃப் திரையின் தொடக்கப்புள்ளி மேல் இடது மூலை. ஒய் ஆயத்தைத் திருப்ப மறந்தால் தாய் கிளாஸ் அடியில் போய் நிற்கும்.

எம்எஸ்ஏஜிஎல் டாட்நெட் நூலகம் என்பதால் செயலியோடு ஒரே புராசஸில் ஓடுகிறது. ஜிவியூவர் கட்டுப்பாட்டைப் படிவத்தில் வைத்து வரைபடத்தைக் கொடுத்தால் பெரிதாக்கலாம், பெட்டியைச் சொடுக்கலாம், இழுக்கலாம். கோடுகளும் கூடவே வரும். மரபுரிமைக்கு உரிய அம்புமுனை இதிலும் உண்டு. குறை ஒன்றுதான்: மூன்று அறைப் பெட்டி தயாராகக் கிடைக்காது. பெட்டியின் எல்லையையும் உள்ளே வரைவதையும் நாமே எழுத வேண்டும். ஒருமுறை எழுதும் வேலை அது. அதற்குக் கிடைக்கும் பலனோ பெரிது. செயலிக்குள் கிளாஸ் டயகிராம் கேட்பவர், பெட்டியைச் சொடுக்கினால் அதன் மூலநிரல் திறக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்பார். ஆகவே திரைக்கு எம்எஸ்ஏஜிஎல், ஆவணத்துக்கும் அச்சுக்கும் கிராஃப்விஸ் என்பதே என் முடிவு.

ஆனால் இரண்டுமே நிரலைப் படித்துத் தராது. அதை ரிஃப்ளெக்‌ஷன் வழியாக நாம்தான் செய்ய வேண்டும். டிக்ளேர்டுஒன்லி கொடியைச் சேர்க்காவிட்டால், விண்டோஸ் ஃபார்ம்ஸின் ஃபார்ம் கிளாஸிலிருந்து பிறந்த ஒரு சின்ன கிளாஸின் பெட்டிக்குள் பாட்டன் முப்பாட்டன் பண்புகளெல்லாம் வந்து குவியும். லிஸ்ட்<ஆர்டர்> புலத்தை லிஸ்டோடு இணைக்காமல், உள்ளிருக்கும் ஆர்டரோடு இணைத்து, கோட்டின் முனையில் 'பல' என்பதைக் குறிக்கும் நட்சத்திரக்குறி இட வேண்டும். உடைமை உறவைக் காட்டக் கோட்டின் முனையில் நிரப்பிய வைரமா வெற்று வைரமா என்ற கேள்விக்கு மட்டும் ரிஃப்ளெக்‌ஷனில் விடை இல்லை. ஒரு பொருள் இன்னொன்றுக்கே உரிமையானதா என்பது புலத்தின் வகையில் பதிவாவதில்லை. அந்த இடத்தில் வைரத்தை ஊகித்து வரைவதைவிட வெறும் கோடு போடுவதே நேர்மை.